வீட்ல சொன்னது

கொறச்சு வெள்ளம் குடிக்கிறீங்களா தம்பி? ஏறினதுல இருந்து இருமிட்டே வாறீங்களே, அதான் கேட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? வெள்ளம்னா தண்ணியாக்கும். எங்க பக்கம், மார்த்தாண்டம் தாண்டி, அப்படித்தான் சொல்லுவோம். குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம், கஞ்சி வெள்ளம், எல்லாம் வெள்ளம்தான். உங்களுக்கு ஊரு எது? தேனியா. திருநெல்வேலில வேலையா? செரி. உங்க ஊர்ல வெள்ளம்னா ஆத்துல பொங்கி வாறது. அதுக்கு நாங்க வெள்ளம் பொங்கிச்சுன்னு சொல்லுவோம். பொங்கணும். பொங்காத வரைக்கும் அது குடிக்கிறதுக்கு உள்ளது. குடிங்க, கிணத்து வெள்ளம்தான், காலைல நாங்க பெறப்படும்போது நிறைச்சது. இந்தக் குப்பி இன்னைக்கு மதுரைல ஒரு காரியம் செஞ்சது. அதுக்குப் பின்ன வாறேன்.

எனக்க பேரு நேசையன். அண்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஃபேக்டரிய எங்க ஊர்ல அண்டி ஆபீஸ்னுதான் சொல்லுறது. இருநூறு பெண்ணுங்க வரிசையா உக்காந்து கொட்டை தல்லுவாங்க. பேச்சு வந்தா பருப்பு உடையும். அதனால நான் நடந்து வாறேன்னா ஒரு சத்தம் இருக்காது, தல்லுற சத்தம் மட்டும் கேக்கும். முப்பத்தொரு வருஷம் அப்படி நடந்தேன். அந்த விஷயத்துல எனக்கு ஒரு பேரு உண்டு.

இப்ப மதுரைல இருந்து வாறோம். வீட்டு இன்சூரன்ஸ் கேசு. கேசுன்னா கோர்ட் இல்ல. கம்பெனி தர மாட்டேன்னு சொன்னா, அதுக்கு மேல கேக்கிறதுக்குன்னு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி உண்டு. அவங்க மதுரைக்கு வந்து உக்காந்து விசாரிச்சாங்க. ஜெயிச்சாச்சு. ரெண்டு வருஷம் நடந்ததுக்கு இன்னைக்குத்தான் முடிஞ்சது. ஜெயிச்சா ஒரு இது வரும்னு நெனச்சேன். ஒண்ணும் தோணல.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சை சேலை. அதாக்கும் எனக்க சம்சாரம், சுகந்தபாய். மாட்டுத்தாவணில ஏறும்போது பஸ்ஸு நிறைஞ்சிருந்தது, அவ லேடீஸ் சீட்டுல இருந்துட்டா, எனக்கு இங்க கெடச்சது. விருதுநகர்ல அவளுக்குப் பக்கத்து ஆளு இறங்கிட்டா. பாத்தேன். செரி, இருந்த எடத்துலயே இருப்போம்னு இருந்துட்டேன்.

காரியம் என்னன்னா, முந்தின வருஷத்துக்கு முந்தின ஐப்பசில மூணு நாள் விடாம மழை. எங்க வீட்டுக்குப் பின்னால சானல் ஓடுது, அணைல இருந்து வயலுக்குப் போற கால்வாய். நாங்க இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம், அந்தக் கரை ஒரு நாளும் உடைஞ்சதில்ல. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு உடைஞ்சது. நாங்க கையில கிடைச்சத எடுத்துட்டு சபைக்குள்ள போய் இருந்தோம், சபைன்னா எங்க சர்ச்சு. மறுநாள் வந்து பாத்தா அடுக்களை இல்ல. பின் சுவரு இல்ல. படுக்கிற ரூமுல தரை ஒரு முழம் இறங்கிக் கெடக்கு. இவளுக்க பாட்டுப் புஸ்தகம் சேறுல கெடந்தது. அத எடுத்து, கழுவி, ஒவ்வொரு பக்கமா வெயில்ல விரிச்சு வச்சா. நான், எளவு, வீடு போச்சு, புஸ்தகத்தைக் காய வைக்கிறாளேன்னு நெனச்சேன்.

அவ சபையில பாட்டு எடுத்துக் குடுக்கிறவ. ஆராதனைல முதல் வரிய அவதான் தொடங்குவா, பின்னதான் மத்தவங்க. சண்டே ஸ்கூல்லயும் டீச்சரு. பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினா, வெளிய நிக்கிற பெரியவங்களும் கேட்டுட்டு நிப்பாங்க. நல்ல சத்தம். அது முந்தி.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னே எனக்கு ஓர்மை இல்ல. கடன் வாங்கிக் கெட்டின வீடு, அதனால பேங்குல வருஷா வருஷம் போட்டுட்டே இருந்திருக்கான். மேனேஜர் சொல்லித்தான் தெரியும். எழுதிக் குடுத்தேன். சர்வேயர் வந்தாரு. சேலத்துக்காரரு, கண்ணாடி போட்ட மனுஷன், நல்ல மரியாதை. ஷூவைக் கழத்தி வச்சுட்டு சேறுல இறங்கினாரு. செல்போன்ல வீடியோ எடுத்துட்டே நடந்தாரு, நான் கூடவே நடந்து எல்லாம் காட்டிக் குடுத்தேன். இவ கிணத்தடில நின்னா. அவ்வளவுதான் எனக்கு ஓர்மை.

ஒண்ணரை மாசம் கழிச்சு லெட்டர் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பேங்குக்குக் கொண்டு போனேன். மேனேஜர் திருச்சிக்காரரு, அப்பதான் மாத்தலாகி வந்தவரு. படிச்சாரு. கண்ணாடியக் கழத்திட்டு இன்னொருக்கா படிச்சாரு. "கிளெய்ம ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சார்"ன்னாரு. என்ன காரணம்னேன். "அந்த இடத்துல எப்பவும் வெள்ளம் வரும், அது தெரிஞ்சுதான் இடத்தையே வாங்கினோம்னு உங்க வீட்ல சொல்லியிருக்காங்க. ஆனா பாலிசி எடுக்கும்போது வெள்ளம் வந்ததே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உண்மைய மறைச்சிட்டீங்கன்னு எழுதியிருக்கான்."

'உங்க வீட்ல'ன்னா என்ன அர்த்தம் தம்பி? நீங்களே சொல்லுங்க. ஆங், அதுதான். சம்சாரம். தமிழ் தெரிஞ்ச எவனைக் கேட்டாலும் அதுதான் சொல்லுவான். அன்னைக்கு நான் அப்படி எடுத்ததுல என்ன தப்பு?

வீட்டுக்கு வந்தேன். கொறச்சு சத்தம் போட்டேன். சர்வேயர்கிட்ட நீ என்ன சொன்னன்னு கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லல"ன்னா. சீல் போட்ட லெட்டர்ல எழுதியிருக்குன்னேன். அவ என்னைப் பாத்துட்டு, "அன்னைக்கு யாரு பேசினதுன்னு நீங்க ஒருக்கா ஓர்த்து பாருங்க"ன்னா. எதிர்த்துப் பேசினா. அதுக்குத்தான் சத்தம் கூடிப் போச்சு. வீட்டை சானல் கொண்டு போகல, உனக்க நாக்கு கொண்டு போச்சுன்னு சொன்னேன். இனி உனக்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரப்படாதுன்னும் சொன்னேன். முற்றத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க நின்னாங்க. ஜெபம் பண்ண வந்த உபதேசியாரும் நின்னாரு. கோபத்துல மனுஷன் பேசுறதுதானே, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்.

அதுக்குப் பின்ன அவ கொறச்சு அமைதி ஆயிட்டா.

சோறு வச்சா தட்டு சத்தம் கேக்கும், அதுதான் அறிவிப்பு. என்ன கேட்டாலும் 'ம்'. சபையில பாட்டு எடுக்கிறத நிறுத்திட்டா. நிப்பா, புஸ்தகம் விரிஞ்சிருக்கும், வாய் அசையும், சத்தம் வராது. தொண்டைல என்னமோ தொந்தரவுன்னு நெனச்சு மார்த்தாண்டத்துல டாக்டர்கிட்ட கொண்டு போனேன். அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டு தொண்டைல ஒண்ணும் இல்லன்னாரு. பின்ன என்னன்னு நான் கேட்டேன். அவரு என்னைப் பாத்தாரு, மாத்திரை எழுதினாரு. மூணு மாசம் சாப்பிட்டா. குணம் இல்ல. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒரு சீக்கு என்னன்னு தெரியல தம்பி.

ரெண்டு வருஷமா முன் ரூமுலதான் சமையலும் படுக்கையும். பின்னால தார்ப்பாய் கெட்டியிருக்கு. காத்தடிச்சா அது பேசும், நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டுக் கெடப்போம்.

நான் விடல. கம்பெனிக்கு எழுதினேன். முடிவு முடிவுதான்னு பதில் வந்தது. திரும்ப எழுதினேன், அதே பதில், தேதி மட்டும் வேற. அப்ப இன்சூரன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரு வழி சொல்லிக் குடுத்தாரு. வீட்டம்மா சொன்னதுதானே பிரச்சினை, அவங்க சொன்னது கணக்குல சேராதுன்னு எழுதுங்கன்னாரு. நல்ல புத்தின்னு பட்டது. எனக்க கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இவளுக்கு முத்து முத்தா வரும். அதனால எல்லா லெட்டரும் நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறது. இதையும் அவதான் எழுதினா. 'எனது மனைவி விவரம் போதாதவர். கேட்ட கேள்வி விளங்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லும் வழக்கம் உடையவர். ஆகவே அவர் பேச்சைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.' அந்த 'விவரம் போதாதவர்' வந்தப்ப பேனாவை நிறுத்தினா. ஒத்தெழுத்து யோசிக்கிறான்னு நெனச்சு, நான் திருப்பி ஒருக்கா பையச் சொல்லிக் குடுத்தேன். பின்ன எழுதினா. தப்பில்லாம எழுதினா. கீழ அவளும் கையெழுத்துப் போடணும்னு அந்த ஆளு சொல்லியிருந்தாரு. போட்டா.

அதையும் கம்பெனி ஏத்துக்கல. அதுக்குப் பின்னதான் இந்தக் குறைதீர்ப்பு. ரெண்டு பேரும் வரணும்னு எழுதியிருந்தது.

இன்னைக்குப் பதினொரு மணிக்கு எங்களை உள்ள விளிச்சாங்க. அதிகாரி ஒரு மேடம், தலை நரைச்சவங்க, வடக்க எங்கயோ ஊரு. கம்பெனிக்கு ஒரு ஆளு, டை கெட்டி. இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேரு. கம்பெனிக்காரன், எங்ககிட்ட சாட்சி இருக்குன்னு சொல்லி லேப்டாப்பைத் திருப்பி வச்சான். சர்வேயர் எடுத்த வீடியோ. சேறு தெரியுது, உடைஞ்ச சுவரு தெரியுது. தூரத்துல இவளுக்க சத்தம் கேக்குது: "சாருக்கு வெள்ளம் எடுக்கட்டா?" ரெண்டு வருஷத்துக்கு முந்தின சத்தம். நான் சட்டுனு திரும்பி அவளைப் பாத்தேன், அவதான் பேசிட்டாளோன்னு. அவ தரையப் பாத்துட்டு இருக்கா.

வீடியோல சர்வேயர் கேக்காரு: "இங்க வெள்ளம் அடிக்கடி வருமா சார்?" அதுக்கு ஒரு ஆம்பளைக் குரல், நல்ல கம்பீரமா: "எப்பமும் உண்டு சார். வெள்ளத்துக்கு மட்டும் இஞ்ச ஒரு குறையும் இல்ல. வெள்ளம் பாத்துதானே இந்த எடமே வாங்கினது."

இது யார் குரல்னு மேடம் கேட்டாங்க. போன்ல குரல் மாறும்ல தம்பி? எனக்க குரல் எனக்கு அப்படிக் கேக்காது. அதுக்குள்ள கேமரா கொறச்சு திரும்பிச்சு. சட்டை எனக்க சட்டைதான். கட்டம் போட்டது.

எனக்கு ஓர்மையே இல்ல தம்பி. சத்தியமா இல்ல. அந்த மனுஷன் கிணத்தடிப் பக்கம் நின்னுட்டுக் கேட்டாரு, இவ வெள்ளம் எடுக்கட்டான்னு கேட்டுட்டு வாளிய இறக்கிட்டா. நான் கிணத்தைப் பத்திக் கேக்காருன்னு நெனச்சிருப்பேன். எங்க கிணறு சித்திரை வெயில்லயும் வத்தாது. வந்த ஆளுகிட்ட அதச் சொல்லாம இருக்க முடியுமா?

பாத்தீங்களா மேடம், பாலிசிதாரரே ஒத்துக்கிட்டாருன்னு கம்பெனிக்காரன் சொன்னான். மேடம் நெற்றியச் சுருக்கிட்டு, "வெள்ளம் பாத்து யாராவது இடம் வாங்குவாங்களா?"ன்னு தன்னால கேட்டாங்க. பின்ன இவளப் பாத்து, "அம்மா, வெள்ளம் எடுக்கட்டான்னு கேட்டது நீங்கதானே? வெள்ளத்தை எப்படிம்மா எடுப்பீங்க?"ன்னாங்க.

அவ என்னைப் பாத்தா. அனுமதி கேக்கிற பார்வை. சொல்லுன்னேன். ரெண்டு வருஷம் கழிச்சு சொல்லுன்னு சொல்லுறேன், அவளுக்கு வரல. மடியில இருந்த பைய விரிச்சா. இந்தக் குப்பிய எடுத்தா. மூடியத் திருகி, அந்த மூடியிலயே கொறச்சு ஊத்தி, மேஜைல வச்சு மேடத்துக்குப் பக்கத்துல மெதுவா நீக்கி வச்சா. ஒரு சொட்டு சிந்தல. பின்ன கைய எடுத்து மடியில வச்சுட்டா.

மேடம் மூடியப் பாத்தாங்க. இவளப் பாத்தாங்க. "ஓ. தண்ணியா"ன்னாங்க.

கம்பெனிக்காரன் பேப்பரப் புரட்டினான். ரெண்டு வருஷ எழுத்து, இருபது முப்பது தாளு, ஒரு மூடி வெள்ளத்துல முடிஞ்சது.

பின்ன மேடம் ஃபைலப் பாத்தாங்க. "இந்த லெட்டர்ல ஹவுஸ்ஹோல்டுன்னு இருக்கு. வீட்டு ஆளுங்கன்னு அர்த்தம். மனைவி சொன்னாங்கன்னு எங்கயும் இல்லையே. நீங்க ஏன் அப்படி எழுதினீங்க?"ன்னாங்க. நான் பேங்க் மேனேஜர் சொன்னதச் சொன்னேன். உங்க வீட்லன்னு சொன்னாருன்னேன். மேடம் சிரிக்கல. அந்த மூணாவது லெட்டரை எடுத்தாங்க, விவரம் போதாதவர் லெட்டர். "இது யாரோட கையெழுத்து?"ன்னாங்க. அவளுக்கதுன்னேன். "இவங்களே எழுதினாங்களா?" ஆமான்னேன். மேடம் அத முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இன்னொருக்கா படிச்சாங்க. அப்ப எனக்கு வெக்கமா இருந்தது தம்பி. உள்ளதச் சொல்லணும்ல. கொறச்சு நேரம். பின்ன அதுவும் போச்சு.

கம்பெனி திரும்ப மதிப்புப் போட்டு முழுசாக் குடுக்கணும்னு ஆர்டர் எழுதுறேன்னாங்க. கும்பிட்டேன். வெளிய வந்தோம். இவ முன்னால நடந்து போய் கேட்டுக்குப் பக்கத்துல நின்னா. நான் போய், "ஜெயிச்சாச்சு"ன்னேன். "ம்"ன்னா.

நான் யோசிச்சுப் பாத்தேன். முதல்ல வெள்ளம்ங்கிற வார்த்தைய எடுத்தது யாரு? அவதான். சாருக்கு வெள்ளம் எடுக்கட்டான்னு அவ கேக்கலன்னா, நான் கிணத்தை நெனச்சிருக்கவே மாட்டேன். வந்தவனுக்கு ஒரு மோரு, ஒரு சாயா குடுத்திருந்தா இந்தக் காரியமே இல்ல. அத அவகிட்ட சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லல, பதமாத்தான் சொன்னேன். "தொடங்கினது நீதான், செரி, போகட்டும், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல"ன்னு சொன்னேன். மன்னிச்ச மாதிரிதான். அவ என்னப் பாக்கல, ரோட்டப் பாத்தா. மாட்டுத்தாவணிக்குப் போற டவுன் பஸ்ஸு வந்தது, ஏறிட்டா.

என்ன, வண்டி நிக்குது? சாயாவுக்கு நிறுத்திட்டானா. கோவில்பட்டி தாண்டலியே இன்னும். நீங்க இறங்குறீங்களா? வேண்டாமா. செரி, அந்தக் குப்பிய இங்க தாங்க. மத்தியானம் ரெண்டு இட்லி சாப்பிட்டதுதான் அவ. ஒண்ணும் குடிச்சதாத் தெரியல. ஒருக்கா போய்க் கேட்டுட்டு வாறேன். எனக்க பைய பாத்துக்கிடுங்க.

வந்துட்டேன் தம்பி. தள்ளி இருங்க.

கேட்டேன். அவளுக்குப் பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கு, பையக் கூட வைக்கல. கம்பியப் பிடிச்சுட்டு நின்னு, "வெள்ளம் வேணுமா?"ன்னு கேட்டேன். அவகிட்ட ஒண்ணு வேணுமான்னு நான் கேட்டு எத்தனை காலம் ஆச்சுன்னு அப்பதான் தோணிச்சு. அவ நிமிந்து பாத்தா. குப்பியப் பாத்தா. பின்ன வாயத் தொறந்து பேசினா.

பேசினா தம்பி. நல்ல தெளிவான சத்தம். பின் சீட்டுல இருந்த பெண்ணு கூடத் திரும்பிப் பாத்தா. டாக்டர் சொன்னது செரிதான், தொண்டைக்கு ஒண்ணும் இல்ல.

"தண்ணி வேண்டாம்"ன்னா.

அவ்வளவுதான். மறுபடி வெளிய பாத்துட்டா. நான் குப்பியோட திரும்பி வந்துட்டேன்.

தண்ணின்னு சொன்னா. எங்க ஊர்ல பிறந்து, எங்க ஊர்ல வளந்தவ. அம்பத்தெட்டு வயசு. இன்னைக்கு வரைக்கும் அவளுக்க வாயில நான் அந்த வார்த்தைய கேட்டதில்ல. அவளுக்க அம்மையும் சொன்னதில்ல. எங்க பக்கம் வெளியூர் ஆளுங்கதான் அப்படிப் பேசுவாங்க, சர்வேயரு, மேனேஜரு, அந்த மேடம், இந்த மாதிரி ஆளுங்க. வீட்டு ஆளுங்க அப்படிப் பேச மாட்டாங்க.

வண்டி எடுத்துட்டான். நீங்க குடிங்க, மிச்சம் இருக்கு.

மதுரைல அரை நாள் நின்னதுல ஒட்டிக்கிட்டிருக்கும். அரை நாள் நின்னா பேச்சு மாறுமா தம்பி? மாறும்ல?